கதைக்குள் இருக்கும் நாட்டுக்கு வரைபடம் போடுவது எப்படி?

ஃபேன்டஸி நாவல் வாசிக்கிற பிள்ளைகள் இப்போது மலையகத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரே நாவலை வாசித்த இரண்டு பேர் சந்தித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் வாக்குவாதம் வந்துவிடும். அந்தக் கோட்டை மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் எவ்வளவு தூரம்? உடனே ஒருவர் தாளை எடுத்துக் கடற்கரையை வளைத்து வளைத்து வரைவார். மலைக்கு முக்கோணம், காட்டுக்குக் குட்டி மரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் எந்தக் கோடு கதையிலிருந்து வந்தது, எந்தக் கோடு வரைந்தவரின் மனதிலிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இதற்கு ஓவியத் திறமையும் கற்பனையும் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கவனமாக வாசிக்கிற கண்ணும் கொஞ்சம் பெருக்கல் வகுத்தலும் இருந்தால் போதும் என்பது என் அனுபவம். மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சுலபமாகவே வரும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

வழி கேட்பதிலிருந்து தொடங்கலாம்

தெரியாத தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வழி கேட்கிறோம். "சந்தியில இறங்குங்க தம்பி. ஸ்டோரைத் தாண்டினா கோயில். கோயிலுக்கு மேலால ஒரு குறுக்கு ஏறும். அதுல போனா மேல் கணக்கு. ரெண்டாவது லயம், கடைசிக் காம்பரா." இதில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, வடக்கு தெற்கு இல்லை. இருந்தும் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். எதற்கு அடுத்து எது, எது மேலே எது கீழே, எங்கே திரும்ப வேண்டும் என்பது மட்டும் சரியாக இருந்தால் வழி தவறாது.

கதைக்குள் ஆசிரியர் தருவதும் இதே மாதிரியான தகவல்தான். ஒரு வித்தியாசம், அவர் அதை ஒரே இடத்தில் வரிசையாகச் சொல்ல மாட்டார். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு துண்டு, இருபதாம் அத்தியாயத்தில் ஒரு சண்டைக்கு நடுவே இன்னொரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் முதல் வேலை.

விளக்கத்துக்காக நானே ஒரு சிறு பகுதி எழுதியிருக்கிறேன். இனி வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

"ஏழ்வாயில் நகரத்தில் தென்னை மரத்துக்குக் குறைவில்லை. மலையைப் பார்த்த மதிலில் ஏழு வாசல்கள். ஒவ்வொன்றிலும் நான்கு யானைகள் தோளோடு தோள் உரசிப் போகலாம். வேந்தினி புறப்பட்ட நாளில் காலை வெயில் முகத்தில் அடித்தது. மாலை வெயில் முதுகைச் சுட்டது. இடப்பக்கம் நீரா ஆறு அவளுக்கு எதிரே ஓடி வந்துகொண்டே இருந்தது. அடுத்த இரண்டு நாளும் மதியத்துக்கு மேல் மழை. நான்காம் நாள் விடியலில், கருங்கோட்டுக் கணவாயில், புல் நுனியெல்லாம் உறைபனி. திரும்பிப் பார்த்தாள். கழுவி விட்டது போலிருந்த வெளியில் ஏழு வாசல்களையும் எண்ண முடிந்தது. முன்னால் பார்த்தாள். மறுபக்கத்துச் சரிவு முழுக்கக் காய்ந்து கிடந்தது."

முதலில் தொடர்பு, அப்புறம்தான் தூரம்

தாளை எடுத்ததும் கடற்கரையை வரையக் கூடாது. ஊர்ப் பெயர்களைப் புள்ளியாக வைத்து, வழி இருப்பதாகக் கதை சொல்லும் இடங்களை மட்டும் கோட்டால் இணைக்க வேண்டும். இதற்குத் தொடர்புப் படம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தூரமும் அளவும் இல்லாமல், எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும் படம்.

நம் பகுதியில் ஏழ்வாயில் ஒரு புள்ளி, கணவாய் இன்னொரு புள்ளி. காலையில் முகத்திலும் மாலையில் முதுகிலும் வெயில் அடித்தால் நடந்தது கிழக்கு நோக்கி. அப்படியானால் அவளுடைய இடப்பக்கம் வடக்கு; ஆறு பாதைக்கு வடக்கே ஓடுகிறது. அவளுக்கு எதிரே ஓடி வருவதால் அது மேற்கு நோக்கிப் போகிறது, அவள் ஆற்றின் மேல்பக்கமாக ஏறுகிறாள். நான்கு வரியில் இவ்வளவு கிடைத்துவிட்டது, இன்னும் ஒரு கிலோமீட்டரையும் நாம் தொடவில்லை.

வெயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நண்பகலில் வெயில் எப்போதும் தெற்கே இருக்கும் என்று குளிர்நாட்டுக் கதைகளை வாசித்துப் பழகியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நுவரெலியாவில் ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். கதையில் தென்னை வளர்கிறது என்றால் அது வெப்ப நாடு. அங்கே நண்பகல் நிழலை வைத்துத் திசை சொல்வது ஆபத்து. காலையும் மாலையும் போதும்.

நாளைக் கிலோமீட்டராக்கும் கணக்கு

அதிகமான தவறு நடப்பது இங்கேதான். "மூன்று நாள் நடை, ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், ஆக 120" என்று எழுதி, தாளில் 120 கிலோமீட்டருக்கு ஒரு நேர்க்கோடு போட்டுவிடுவார்கள். இந்த ஒரு வரியில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது வேகம். சமதரையில் வெறுங்கையோடு நடப்பதும் மூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவதும் ஒன்றாகாது என்பதைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிறவர்களிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892 இல் இதற்கு ஒரு எளிய கணக்குத் தந்தார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை. ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். இன்றும் மலையேறுகிறவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் கணவாயின் உயரம் வேண்டுமே? உறைபனி உதவுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். கொழும்பில் சராசரி 27 பாகை என்றால் 1,870 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 16 பாகை போல இருப்பது இதனால்தான். தை, மாசியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்னை நிறைந்த ஊர் தாழ்வில் இருக்கிறது, கணவாயில் உறைபனி. ஏறிய உயரம் 1,800 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நெய்ஸ்மித் கணக்குப்படி ஏற்றத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் போய்விட்டது.

வேந்தினி சுமையில்லாமல் நாளுக்கு 8 மணி நேரம் நடந்திருந்தால் மூன்று நாளில் 24 மணி. ஏற்றத்துக்கு 3 போக 21 மணி, 5 கிலோமீட்டர் வேகத்தில் 105 கிலோமீட்டர். சுமையோடு நாளுக்கு 6 மணி நேரம் நடந்திருந்தால் ஏற்றம் போக 15 மணி, மணிக்கு 3 கிலோமீட்டர் வீதம் 45 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உண்மை எங்கேயோ இருக்கிறது. இப்படிக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் சேர்ந்ததை வரம்பு என்போம். ஒற்றை எண்ணை எழுதாமல் வரம்பை எழுதுகிற பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாவது ஓட்டை, பாதை நேராக இருப்பதில்லை. நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இடையே நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். பஸ்ஸில் போனால் 50 ஐத் தாண்டும். நானு ஓயாவிலிருந்து ரயிலில் போனால் 80 ஐயும் தாண்டும். தெமோதரையில் ரயில் ஒரு வட்டம் அடித்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. பாதையின் நீளத்தை நேர்த்தூரத்தால் வகுத்தால் வருவது சுற்றுக் காரணி. மலைப்பாதைக்கு 1.3 இலிருந்து 2 வரை வைக்கலாம். நம் 45 ஐ 2 ஆல் வகுத்தால் 22. 105 ஐ 1.3 ஆல் வகுத்தால் 80. ஏழ்வாயிலுக்கும் கணவாய்க்கும் நேர்த்தூரம் 22 முதல் 80 கிலோமீட்டர்.

மூன்றாவது ஓட்டை, நாள் முழுக்க நடந்தார்கள் என்ற அனுமானம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரிலிருந்து புறப்பட்டு, ஒரு நாளில் ஒரு காவதத்துக்கு (காதம் என்றும் சொல்லும் பழைய தூர அளவு) மேல் நடக்காமல், வழியில் பல நாள் தங்கித் தங்கிப் போனதாக நாடுகாண் காதை சொல்கிறது. இங்கே "பல நாள்" என்பதைத் தூரமாக்கினால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். தங்கிய நாளை முதலில் கழிக்க வேண்டும்.

இதுவரை வந்ததைப் பார்ப்போம். எது எதற்கு அடுத்து என்று தொடர்புப் படம் போட்டோம். நாள்கணக்கை ஏற்றத்தோடு சேர்த்து வரம்பாக்கினோம். சுற்றுக் காரணியால் வகுத்து நேர்த்தூரத்தின் வரம்புக்கு வந்தோம். அது இன்னும் அகலமாக இருக்கிறது; இனி அதை நெருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிந்தது

பாதை எவ்வளவு வளைந்தாலும் பார்வை நேராகத்தான் போகும். அதனால் "அங்கிருந்து இது தெரிந்தது" என்ற வரி வந்தால் நான் உடனே பென்சிலை எடுத்துவிடுவேன். நாள்கணக்கைவிட அது பல மடங்கு பெறுமதியானது.

உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வரும். 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாத மலையில் அது கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். 1,800 மீட்டர் கணவாயில் 150. கதை உலகமும் நம் பூமி அளவில் உருண்டை என்று வைத்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். எங்களுடைய 80 ஐ இது நெருக்கவில்லை.

நெருக்குவது வாசல்கள். ஒரு பொருளைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு, அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய 3,400 மடங்கு தூரம்தான் சாதாரணக் கண்ணுக்கு எல்லை. நான்கு யானைகள் சேர்ந்து போகிற வாசல் என்றால் அகலம் 10 மீட்டர் அளவில் இருக்கும். 10 மீட்டரின் 3,400 மடங்கு 34 கிலோமீட்டர். வேந்தினி வாசல்களை எண்ணினாள் என்றால் அவள் 34 கிலோமீட்டருக்குள் இருந்தாள். 22 முதல் 80 என்று இருந்த வரம்பு 22 முதல் 34 ஆகிவிட்டது. யானைகளைப் பற்றிய அந்த வரியை வாசகர்கள் அலங்காரம் என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

தண்ணீர் போகும் வழி, மழை நிற்கும் இடம்

ஆற்றுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. அது கீழ்நோக்கித்தான் போகும். போகப் போக மற்ற ஆறுகள் வந்து சேரும். கடலுக்குக் கிட்டே கழிமுகத்தில் தவிர, அது இரண்டாகப் பிரிவது அபூர்வம். ஒரு ஆறு ஒரு கடலிலிருந்து மலையைக் கடந்து இன்னொரு கடலுக்குப் போகாது. ரசிகர்கள் வரைகிற வரைபடங்களில் இந்த ஒழுங்குகள் மீறப்பட்டிருப்பதை அடிக்கடி காணலாம்.

ஆனால் ஆறு பக்கத்துக் கடலுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நோர்வூட் பக்கம் பெய்கிற மழை கெஹெல்கமு ஓயாவில் இறங்கி, களனி கங்கையாகிக் கொழும்புக்குப் பக்கத்தில் கடலில் சேருகிறது. அங்கிருந்து ரொம்பத் தள்ளி இல்லை தலவாக்கலை. அங்கே பெய்கிற மழை கொத்மலை ஓயாவாக மகாவலியில் கலந்து, கண்டியைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் கிழக்குக் கடலுக்குப் போகிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீட்டர். இப்படித் தண்ணீரை இரண்டு பக்கமாகப் பிரித்து அனுப்பும் மேட்டுக்கு நீர்ப்பிரிப்பு என்று பெயர். கதையில் ஒரு ஆறு மேற்கு நோக்கி ஓடியது என்பதிலிருந்து அந்த இடத்தில் அது மேற்கே போகிறது என்பது மட்டும்தான் உறுதி. நீரா ஆறு மேற்குக் கடலில் விழுகிறது என்று எழுதினால், அது நாமாகச் சேர்த்தது.

மழை இன்னும் நல்ல சாட்சி. ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். தாண்டி இறங்கும்போது காய்ந்துபோயிருக்கும். மலைக்குப் பின்னால் மழை கிடைக்காத அந்தப் பகுதிதான் மழைநிழல். பட்டிப்பொலையிலிருந்து ஒஹியவுக்குப் போகும் ரயிலில் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் ஒரு சுரங்கம் வருகிறது. இந்தப் பக்கம் மூடுபனியும் தூறலுமாக இருக்க, வெளியே வந்தால் ஊவாப் பக்கம் வெயில் அடிக்கும்.

வேந்தினியின் கணவாயும் இப்படித்தான். மேற்கே இரண்டு நாள் மழை, கிழக்கே காய்ந்த சரிவு. ஈரக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. பெரும்பாலும் அந்தத் திசையில் ஒரு கடல் இருக்கும். இங்கே பருவத்தையும் குறித்துவைக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குச் சரிவில் வட்டவளை நனையும்போது கிழக்கே ஊவா காய்கிறது. வடகீழ்ப் பருவக்காற்றில் இது மாறிவிடும். ஒரே மலை, ஆறு மாதத்தில் நிழல் பக்கம் மாறுகிறது. பருவத்தைச் சொல்லாமல் "கிழக்குப் பக்கம் பாலைவனம்" என்று வரைந்துவிடக் கூடாது.

சுருக்கமாக, பார்வை தூரத்தை நெருக்கும், ஆறு சரிவைச் சொல்லும், மழை காற்றையும் கடலையும் காட்டும். ஒவ்வொன்றும் எதைச் சொல்லவில்லை என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும்.

யார் சொன்னது?

கதைசொல்லி சொல்வதும் பாத்திரம் சொல்வதும் ஒன்றல்ல. புகாரைத் தாண்டியதுமே களைத்துப்போன கண்ணகி மதுரை எங்கே என்று கேட்கிறாள். கோவலன் சிரித்தபடி, ஏதோ பக்கத்தில் இருப்பது போலப் பதில் சொல்கிறான். அவன் சொன்ன தூரம் முப்பது காதம் என்று உரைகாரர்கள் கொள்கிறார்கள். மனைவியைத் தேற்றுவதற்காகச் சொன்ன "பக்கம்தான்" வரைபடத்துக்கு ஆகாது. பயந்தவன், பொய் சொல்கிறவன், அந்த ஊருக்கே போகாதவன், எல்லோருடைய வார்த்தையும் பென்சிலில் மெல்லிசாகத்தான் வர வேண்டும். கதைசொல்லி சொன்னது அழுத்தமான கோடு. நாமே ஊகித்தது புள்ளிக்கோடு. தெரியாதது வெள்ளையாகவே இருக்கட்டும்.

பழகிப் பார்க்கச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையைவிட நல்ல இடம் தமிழில் எனக்குத் தெரியாது. உறையூர்ப் பக்கமிருந்து தெற்கே போகும் வழி, கொடும்பாளூரை அடைந்ததும் சிவன் கையில் இருக்கும் சூலம் மாதிரி மூன்றாகப் பிரிகிறது என்று மாங்காட்டு மறையவன் சொல்கிறான். வலது வழியில் சிறுமலை வரும். இடது வழியில் திருமால்குன்றம், அதாவது அழகர்மலை. மூன்றும் மதுரையில் சேரும். தெற்கு பார்த்து நடப்பவருக்கு வலது என்பது மேற்கு, இடது கிழக்கு. இப்போது தமிழ்நாட்டு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். சிறுமலை மதுரைக்கு வடமேற்கே, அழகர்மலை வடகிழக்கே. நீங்கள் வரைந்தது சரியா என்று உடனே சரிபார்க்கலாம். கற்பனை நாடுகளில் இந்த வசதி கிடையாது.

அதே இடது வழியில் ஒரு பிலமும் (குகை) மூன்று பொய்கைகளும் வருகின்றன. ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் வசப்படும், ஒன்றில் பழம்பிறப்புத் தெரியும், ஒன்றில் நினைத்தது கிடைக்கும். மாயம் என்பதற்காக அவற்றைப் படத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. கதைக்குள் அவற்றுக்கு இடம் இருக்கிறது, இடது வழியில் இருக்கிறது. குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

யாளியை அளவுகோலாக்குவது

மாயப் பிராணிகள் வந்தால் கணக்கு குழம்பிவிடும் என்று பலர் கைவிடுகிறார்கள். எனக்கு அவைதான் பிடித்த துப்பு. பறக்கிற பிராணி நேர்க்கோட்டில் போகும், சுற்றுக் காரணி தேவையில்லை. அதன் வேகம் தெரியாவிட்டாலும் தெரிந்த ஒரு தூரத்தை வைத்துப் பிடித்துவிடலாம்.

நம் கதையில் இன்னொரு அத்தியாயம் இருப்பதாக வையுங்கள். ஏழ்வாயிலிலிருந்து கணவாய்க்கு யாளி ஒரு நாழிகையில் பறந்தது. கணவாயிலிருந்து மணற்குடிக்கு நான்கு நாழிகை. முதல் துண்டு 22 முதல் 34 என்று நமக்குத் தெரியும். அப்படியானால் இரண்டாவது துண்டு 88 முதல் 136 கிலோமீட்டர். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால் யாளியின் வேகமும் கிடைத்துவிட்டது: மணிக்கு 55 முதல் 85 கிலோமீட்டர். இனி யாளி எங்கே பறந்தாலும் அது ஒரு அடிமட்டம்.

கவராயத்தைக் கணவாயில் ஊன்றி, 88 க்கு ஒரு வட்டம், 136 க்கு ஒரு வட்டம் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வளையத்தில் எங்கேயோ மணற்குடி இருக்கிறது. எந்தப் பக்கம் என்று இந்தக் கணக்கு சொல்லாது. "மணற்குடியில் சூரியன் கடலிலிருந்து எழுந்தது" என்று வேறொரு வரி கிடைத்தால், ஊருக்குக் கிழக்கே கடல். மேற்குக் கடலோரத்தில் அப்படி ஒரு காட்சி வராது. வளையத்தின் கிழக்குப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாம்.

ஆசிரியரே வரைபடம் தந்துவிட்டால் இந்த வேலை தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. 1954, 55 இல் வெளிவந்த டோல்கீனின் 'தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்ற பெரிய ஃபேன்டஸி நாவலோடு அவருடைய மகன் கிறிஸ்டோபர் வரைந்த வரைபடங்கள் வந்தன. அதன் பிறகும் கேரன் வின் ஃபான்ஸ்டாட் என்ற அமெரிக்க வரைபடக் கலைஞர் அந்த உலகத்துக்குத் தனி அட்லஸ் ஒன்றை 1981 இல் வெளியிட்டார். பாத்திரங்கள் எந்த இரவில் எங்கே தங்கினார்கள் என்பதிலிருந்து காலநிலை, தாவரங்கள் வரை அதில் இருக்கிறது. புத்தகத்தோடு வந்த வரைபடத்தில் இல்லாத அவ்வளவு விவரம் வரிகளுக்குள் கிடந்திருக்கிறது.

துப்புகள் ஒன்றோடொன்று மோதினால்

மோதத்தான் செய்யும். ஒரு தூதன் ஏழ்வாயிலிலிருந்து மணற்குடிக்கு ஒரே இரவில் குதிரையில் போனான் என்று கடைசி அத்தியாயத்தில் வருகிறது என்று வையுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்தால் நேர்த்தூரமே 110 இலிருந்து 170 கிலோமீட்டர் வரை வரலாம், நடுவில் 1,800 மீட்டர் கணவாய். ஒரே குதிரையால் முடியாது.

உடனே "ஆசிரியர் தவறு செய்துவிட்டார்" என்று முடிவுகட்ட வேண்டாம். வழியில் குதிரை மாற்றும் சாவடிகள் இருந்ததாக எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். இருந்தால் கணக்கு ஒத்துப்போகும், தூதனின் பாதையில் சாவடிகளும் படத்தில் ஏறும். இல்லையென்றால் வேறு கணவாய் ஒன்று இருக்கலாம். அல்லது அந்த இரவைச் சொன்னது யார் என்று பாருங்கள், தூதன் தானே பெருமையடித்துக்கொண்டானா? எதுவும் பொருந்தவில்லை என்றால் இரண்டு துப்பையும் அத்தியாய எண்ணோடு படத்தின் ஓரத்தில் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் சராசரி எடுத்து ஒரு மூன்றாவது தூரத்தை மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தூரம் கதையின் எந்தப் பக்கத்திலும் இல்லை.